தொள்ளாயிரத்துக்கு அப்பால்

நீல எல்இடி மேல் பூசும் பொடி அது. நீல ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகத் தர வேண்டும். அதுவும் அகலமாகப் பரவிய ஒளியாக. எங்கள் ஆய்வகத்து ஸ்நேகாவின் பொடி ஒளிர்ந்தது. ஆனால் அளந்தால் ஒளியின் வளைகோடு தொள்ளாயிரம் நானோமீட்டர் அலைநீளத்தருகே, மலையைப் பாதியில் வெட்டியதுபோல் செங்குத்தாக விழுந்தது. உலைச் சூட்டை மாற்றினாள். பொடியை ஒளிரவைக்கும் குரோமியத்தைக் கூட்டினாள். அதே இடத்தில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அகலம் கூடாவிட்டால் இந்தப் பொடியை விட்டுவிடச் சொல்லியிருந்தார் எங்கள் வழிகாட்டி மீரா டீச்சர். அவளுடைய இரண்டு வருட உழைப்பு.

அன்று வெள்ளி. ஆய்வகத்தில் நானும் அவளும்தான். மனைவி ஜானவி இறந்தபின் நான் அதிகம் பேசுவதில்லை. சேர்ந்து வேலை செய்ய வசதியான ஆள்.

ஸ்நேகா பழைய வளைகோடுகளையெல்லாம் ஒரே திரையில் அடுக்கினாள்.

"அண்ணா, பொடி மாறறது, விழற இடம் மட்டும் மாறலை பாத்தேளா. இது பொடியோட குத்தம் இல்லையாக்கும்."

ஒளியை அளக்கும் எங்கள் டிடெக்டருக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் பார்வை கிடையாது. குருட்டுக் கருவியை நம்பி மாதக்கணக்கில் பொடியைத் திட்டியிருக்கிறோம்.

பக்கத்து ஆய்வகத்து ஷாலுவிடம் அகச்சிவப்பு டிடெக்டரை இரவல் வாங்கினோம். அதில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து அளந்தோம். கோடு தொள்ளாயிரத்தைத் தாண்டியது. ஆயிரத்தையும் தாண்டி, சாவகாசமாக இறங்கியது. ஸ்நேகா நாற்காலியோடு சுற்றத் தொடங்கினாள்.

பொடி பூசிய எல்இடியை எரியவிட்டு, விளக்குகளை அணைத்து, அகச்சிவப்புக் கேமராவைத் திருப்பினோம். மீரா டீச்சர் அதன் முன் வந்து நின்றார். அவருடைய கறுப்புப் புடவை, அகச்சிவப்பில் சாயம் தெரியாததால், திரையில் வெள்ளையாகத் தெரிந்தது. யாரைக் கேட்டு வெளுத்தீர்கள் என்றார். ஸ்நேகா சிரித்து விக்கினாள். ஆய்வகத்துக்குள் குடிக்கிற பொருள் கூடாது என்பதால், வராந்தாவில் நின்று ஒரு கோலா பாட்டிலைக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே பிடித்துக் காட்டினாள். திரையில் கோலா வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. அடுத்து என் கையைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் நீட்டினாள். ரத்தநாளங்கள் திரையில் கறுப்பாகக் கிளைவிட்டிருந்தன.

"பாத்தேளா டீச்சர், அண்ணாக்கும் ரத்தம் ஓடறது."

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் தரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. பிறகு அவர்களாலும் முடியவில்லை.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வளைகோட்டை மறுபடி பார்த்தார்.

"இந்தப் பொடியே போறும், ஸ்நேகா. வேற ஒண்ணும் தொடங்க வேண்டா."

இன்னும் எதெது வெளுக்கும் என்று தேடினோம். என் கறுப்புக் குடை கீழே இருந்தது. எடுக்கப் போனேன். படியில் எதிரே வந்த ஷாலு ஏன் ஓடுகிறாய் என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று.