பத்துப் பொட்டலம்

கம்பவுண்டர் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு எடைக்கருவியின் மேல் ஏறி நின்றார். குனிந்து முள்ளைப் பார்க்க அவருடைய தொந்தி இடம் கொடுக்கவில்லை.

"என்ன காட்டுது?"

"எழுபத்தொண்ணு," என்றாள் மனைவி, குளியலறைத் தரையில் கன்னம் படாத குறையாகக் குனிந்து.

பூனையை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் ஏறினார். "இப்ப?"

"அறுபத்தெட்டு. போன மாசத்தைவிட ஒண்ணு கூட."

"அதை யாரு கேட்டா? அப்ப மூணு கிலோ. பொறந்த கொழந்தை எடை."

பூனை அவள் கையில் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. உடம்பு மட்டும் கொதித்தது. நான்கு நாட்களாக அது பின்பக்கப் படிக்கட்டில், அவர்கள் வாசலில்தான் கிடந்தது. முதல் இரண்டு நாள் வைத்த பாலைக் குடித்தது. மூன்றாம் நாள் மோந்து பார்த்ததோடு சரி. இன்று காலை தலையைக்கூடத் தூக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் சலவைக்கடையில் கொடுத்தவர்கள் திரும்பி வராமலே போன ஒரு துவாலை வீட்டில் இருந்தது. அதில் சுருட்டி உள்ளே எடுத்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பவுண்டரும் வீட்டில் இருந்தார். இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் அவர். மூன்று மாடிக் கட்டடத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் தட்டுவது இவர்கள் கதவைத்தான். கையெழுத்துப் புரியாத டாக்டர் சீட்டு, பாதியில் நிறுத்திய மருந்து, குழந்தையின் பேதி எல்லாம் சாப்பாட்டு மேஜை மேல் வந்து விழும். அவரும் சலித்துக்கொண்டதே இல்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு. எந்த மருந்தைக் கொடுத்தாலும் எப்போது, எத்தனை என்று சொல்லிவிட்டு, "எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்பார். வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல எல்லாரும் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் சிரிப்பும் நிறையப் பெருமையும் இருந்தன.

காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துக் கரண்டியின் முதுகால் பொடித்தார். பொடியைக் கண்ணாடிமேல் நீளமாகப் பரப்பி, சவர பிளேடால் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஐந்தாக்கினார். பழைய காலண்டர் தாளைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பொட்டலம் மடித்தார். பத்துப் பொட்டலங்கள், ஒன்றுக்கொன்று கடுகளவு வித்தியாசம் கிடையாது.

"பூனைக்கு மனுஷ மாத்திரை ஆகுமாங்க?"

"காய்ச்சல்ல மனுஷக் காய்ச்சல், பூனைக் காய்ச்சல்னு இருக்கா? அளவுதான் முக்கியம். அளவு தெரியாம குடுத்தாத்தான் தப்பு."

அவள் பூனையின் வாயைப் பிளந்து பிடித்தாள். அவர் முதல் பொட்டலத்தைத் தண்ணீரில் குழைத்துச் சொட்டு சொட்டாக விட்டார். அது எதிர்க்கவே இல்லை. கீறக்கூட இல்லை.

"மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. திருப்பிச் சொல்லு."

"பூனையைச் சொல்லச் சொல்லுங்க," என்றாள்.

அவர் கடகடவென்று சிரித்தார்.

*

அதற்குப் பிறகு அவள் மாடி ஏறினாள். மேல்வீட்டில் பஸ் ஓட்டுநர். போன மாதம் அவர் மனைவி இறந்ததிலிருந்து வேலைக்கும் போவதில்லை, கதவும் திறப்பதில்லை. அந்த அம்மா ஒரு மஞ்சள் பூனை வளர்த்தாள். மகாராணி என்று கூப்பிடுவாள். கொழுகொழுவென்று, கழுத்தில் சிவப்பு நாடாவோடு, ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை ஏளனமாகப் பார்க்கும். படிக்கட்டில் கிடந்ததற்கு நாடாவும் இல்லை, சதையும் இல்லை. மஞ்சள் நிறம் மட்டும் அதேதான்.

மூன்றாவது தடவை மணி அடித்த பிறகுதான் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு மாதத் தாடி.

"அண்ணே, ஒரு பூனை எங்க வாசல்ல கெடக்குது. ரொம்ப முடியாம இருக்கு. ஒருவேளை உங்க..."

"எங்களுது இல்லம்மா."

"ஒரு தடவை வந்து பாத்துட்டீங்கன்னா..."

"அது எப்பவோ போயிடுச்சு. எங்களுது குண்டு." கதவு மூட இருந்தது, நின்றது. "எங்க கெடக்குதுன்னு சொன்ன?"

"எங்க வாசல்லண்ணே. இப்ப உள்ள வச்சிருக்கோம். இவர் மருந்து குடுத்திருக்காரு."

"கம்பவுண்டரா? அப்ப சரி," என்றார் ஓட்டுநர். கதவு சாத்தப்பட்டது. அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவர் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தாள்.

மத்தியானம் இரண்டாவது பொட்டலம் போனது. உடம்புச் சூடு தணிந்திருந்தது. "பாத்தியா?" என்றார் கம்பவுண்டர். அவள் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி உப்பியிருப்பதாகத் தோன்றியது. தூங்குகிற முகம் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அரை மணி கழித்து உப்பல் கண்ணை மூடியிருந்தது. பாதங்களும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்துகொண்டு நாய் மாதிரி மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈறெல்லாம் பழுப்பு, டீக்கறை மாதிரி.

"என்னங்க இது?"

அவர் குனிந்து பார்த்தார். துவாலையோடு பூனையை வாரி எடுத்துக்கொண்டு, "கிளம்பு," என்றார்.

*

விலங்கு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு டாக்டர். சின்னப் பெண், கையில் கீறல் தழும்புகள். வாசலில் கொடுத்த படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் கம்பவுண்டர் பேனாவை வைத்துக்கொண்டு திணறினார்.

"யாரோட பூனை சார்?"

"தெரியல. மேல்வீட்டுக்காரரோடதா இருக்கலாம்."

"யாராவது கையெழுத்துப் போட்டாத்தான் நான் தொட முடியும்."

போட்டார். டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தாள், காதைப் புரட்டிப் பார்த்தாள். குழாயைப் பொருத்திப் பிராணவாயு கொடுத்துக்கொண்டே, "மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"குடுத்தேன்," என்றார் கம்பவுண்டர். அந்த நிலையிலும் குரலில் ஜன்னல் உத்தியோகத்தின் நிமிர்வு கொஞ்சம் இருந்தது. மாத்திரையின் பெயரைச் சொன்னார். "ஒண்ணைப் பத்தாப் பிரிச்சு, எடைக்குத் தகுந்த மாதிரிதான். ரெண்டு வேளை."

டாக்டரின் கை நின்றது. மனைவியை ஒரு தடவையும் அவரை ஒரு தடவையும் பார்த்தாள்.

"பூனைக்கு அது விஷம் சார். அளவே கெடையாது அதுக்கு. துளி பட்டாலும் ரத்தத்தைக் கெடுத்துடும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் திட்டவில்லை. மாற்று மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றினாள், பிராணவாயுவை அதிகமாக்கினாள், போர்வை போர்த்தினாள். கம்பவுண்டர் சுவரோரம் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி பூனையின் முதுகைத் தடவினாள். காலையில் அதன் வாயைப் பிளந்து பிடித்த அதே விரல்களால்.

"அந்த மருந்து குடுக்காம நேரா இங்க கொண்டுவந்திருந்தா?" என்று அவள்தான் கேட்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள்.

டாக்டர் கை கழுவப் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

நாலு மணிக்குப் பூனை கால்களை ஒரு தடவை நீட்டியது. சோம்பல் முறிக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு அது அசையவே இல்லை.

*

துவாலையில் சுற்றிய பூனையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். கட்டடத்துக்குள் நுழையும்போது ஓட்டுநர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். அவரை வெளியே பார்த்து ஒரு மாதமாகியிருந்தது. மடியில் ஊதா நிறச் சால்வை ஒன்று மடித்தபடி இருந்தது. அந்த அம்மா வாரா வாரம் சலவைக்குப் போடும் சால்வை. சூடு அதிகம் வைக்காதே என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவாள்.

"காட்டும்மா," என்றார் ஓட்டுநர்.

அவள் துவாலையை விலக்கினாள். ஓட்டுநர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. வாலைத்தான் எடுத்துப் பார்த்தார். நுனியில் முடிச்சுப் போட்டதுபோல ஒரு மடங்கல். அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவ கட்டில்மேல ஏறி உக்காந்து கத்திக்கிட்டே இருந்துச்சு," என்றார். "ராவும் பகலும். என்னால தாங்க முடியல. தூக்கி வெளிய விட்டுக் கதவைச் சாத்திட்டேன். பத்து நாள் கதவைப் பிராண்டுச்சு. அப்பறம் சத்தம் இல்ல. காலைல நீ வந்து சொன்னப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இல்லைன்னேன்."

வாலை மெல்லத் துவாலைக்குள் எடுத்து வைத்தார்.

"நான்தான் கொன்னுட்டேன்," என்றார் ஓட்டுநர்.

அவள் கணவனைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். சொல்லாமல் விட்டால் இந்த மனிதர் இதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். பிறகு, மண்வெட்டி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மண் இளகலாக இருந்தது. கம்பவுண்டர் தோண்டினார். பழக்கமில்லாத வேலை, நாலு வெட்டுக்கே சட்டை நனைந்துவிட்டது. ஓட்டுநர் பூனையைத் துவாலையிலிருந்து எடுத்துச் சால்வையில் சுற்றி, குழிக்குள் தானே இறங்குகிறவர்போல மண்டியிட்டு வைத்தார். மண் தள்ளி முடித்ததும் கம்பவுண்டர் பேசினார். மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"நீங்க இல்லண்ணே. நான் குடுத்த மாத்திரைதான். பூனைக்கு அது ஆகாதாம். எனக்குத் தெரியல."

அவள் மூச்சை விட்டாள். இதோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

ஓட்டுநர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். கோபம் இல்லை. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி நெற்றி சுருங்கியது.

"அவளுக்கும் நீங்கதானே குடுத்தீங்க," என்றார் மெதுவாக. "வயித்துவலிக்கு. ஆறு மாசம். வாயு, பயப்பட ஒண்ணும் இல்லைன்னீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. திருப்பிச் சொல்லச் சொன்னீங்களாம். சொல்லிக்கிட்டே மாடி ஏறி வந்தா. ஒருவேளைகூடத் தவறல அவ. ஆஸ்பத்திரிக்குப் போலாம்டின்னு நான் சொன்னப்பகூட, கம்பவுண்டரே சொல்லிட்டாருன்னு சிரிச்சா."

மண்வெட்டி கம்பவுண்டரின் கையில் அசையாமல் இருந்தது.

"அந்த மாத்திரை சரியானதுதானே?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்ற ஆசையோடுதான் கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. என்ன சொல்வது? அவளுக்கு என்ன தெரியும்? அந்த அம்மாவுக்குப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தவள்கூடப் பல நாள் இவள்தான்.

கம்பவுண்டர் மண்ணைத் தட்டிச் சமமாக்கினார். அது ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தது. மறுபடியும் தட்டினார். ஓட்டுநர் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மேலே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்கும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை.

வீட்டுக்குள் மேஜைமேல் மீதி எட்டுப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. விளக்கைப் போட்டதும் அவர் அவற்றை அள்ளிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனார். குழாயைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொடியைத் தண்ணீரில் உதறினார். உதறிய தாளைக் கசக்கி எறியவில்லை. பழைய மடிப்பின்மேலேயே மறுபடியும் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இருபத்தாறு வருஷக் கை, அதற்கு வேறு தெரியாது.

அழைப்பு மணி அடித்தது.

"அக்கா," என்றது வெளியே ஒரு பெண் குரல், மூன்றாம் மாடிக்காரி. "அண்ணன் இருக்காரா? பாப்பாவுக்கு உடம்பு சுடுது."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. கையில் ஏழாவது பொட்டலம் பிரிந்தபடி இருந்தது.

"அக்கா?"

அவர் இன்னொரு கையை நீட்டிக் குழாயை இன்னும் அதிகமாகத் திறந்துவிட்டார்.