எதிரியாக இருக்க ஆள் தேவை

“கதையின் உறுப்புகளை அறியாத சமூகம், திசைகாட்டி இல்லாத கப்பல்!” என்று முழங்கினார் தனசேகரன். தலைமை வகித்த துணிக்கடை சேக் தாவூது மரைக்காயர் வெற்றிலை துப்ப எழுந்து வெளியே போனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது. சிராங்கூன் சாலைச் சொற்சுவைச் சபை. ஞாயிறு மாலைச் சொற்பொழிவு முடிந்ததும் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த தனசேகரனுக்கு அந்தப் பதவி வேண்டும். அதற்காகவே அந்த வெயிலில் கோட்டு இரவல் வாங்கி மாட்டியிருந்தார்.

“நாயகன், எதிரி, சிக்கல், உச்சம். இவை கூடினால்தான் கதை! உதாரணமாக, கப்பலில் வந்த மூட்டையொன்று காணாமல் போகிறது. மீட்பவன் நாயகன். திருடியவன் எதிரி. அவன் ஒரு துணி வியாபாரி என்று வைத்துக்கொள்வோம்...”

மரைக்காயர் அப்போதுதான் உள்ளே நுழைந்தார். “என்ன தம்பி, சபைக்கு நாற்காலி வாங்கிக் குடுத்தது இதுக்குத்தானா?”

“ஐயையோ, நீங்கதான் மரைக்காயரே நாயகன்! எதிரி ஒரு பால்காரன்.”

சபைக்கு விளக்குகள் கொடுத்தவர் மாட்டுக்கொட்டகை மருதப்பன். “மாடு வச்சிருந்தா திருடனாய்யா?” என்று துண்டை உதறினார். அவரும் நாயகனானார்.

தனசேகரன் எதிரியைப் புலியாக்கிப் பார்த்தார்.

“அம்மன் வாகனம்யா அது! மூட்டை தூக்குமா?” என்றது பின்வரிசை.

ஆக, நாயகர் இருவர், எதிரி இல்லை. எதிரி இல்லாததால் சிக்கல் வரவில்லை. உச்சத்துக்கு வேலையே இல்லை.

“சரி, மூட்டை என்னதான் ஆச்சு?”

“பத்திரமாக இருக்கிறது.”

“அப்புறம் என்ன கதை? எந்திரிங்கப்பா!”

நாற்காலிகள் நகர்ந்தன. ஆள் போனால் வாக்கும் போகும். தனசேகரன் மார்பில் அறைந்துகொண்டார்.

“நில்லுங்கள்! நான்தான் திருடினேன்!”

சபை உட்கார்ந்தது. இல்லாத மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, டோபி காட் வண்ணார்துறை வரை ஓடுவதுபோல மேடையைச் சுற்றி ஓடினார். நாயகர்கள் இருவரும் உற்சாகம் தாங்காமல் மேடையேறித் துரத்தினார்கள். மருதப்பன் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தியபோது கைதட்டல் ஓயவில்லை.

“உச்சம்னா இதுல்லய்யா உச்சம்!”

பிறகு தேர்தல் வந்தது.

“பேச்சு பிரமாதம், மறுக்கல,” என்றார் மரைக்காயர், இன்னும் மூச்சு வாங்கியபடி. “ஆனா சபைச் சாவி செயலாளர்கிட்ட இருக்கும்லா. மூட்டை தூக்குன ஆளுகிட்டயா குடுக்குறது?”

“இப்பத்தான பிடிச்சோம்,” என்றார் மருதப்பன்.

தனசேகரனுக்காக ஒரே ஒரு கை உயர்ந்தது. அது தனசேகரனுடையது.