யாருக்கும் காட்டாத கூடு

பிரேமளாவின் கேமராவைப் பார்க்கும்போதெல்லாம் ஷர்மினிக்கு வயிறு எரியும். முழங்கை நீளத்துக்கு லென்ஸ். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன்னே காரோட்டி வந்து இறங்கிவிடுவாள் மகராசி. வங்கியில் பெரிய உத்தியோகம், நடையிலும் அந்தத் தோரணை. கோத்தா திங்கி பூங்காவில் ஞாயிறுதோறும் பறவை பார்க்கும் கூட்டத்தில் அவள் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

லென்ஸ் போகட்டும். சாந்தினி அவளோடு ஒட்டிக்கொண்டதைத்தான் ஷர்மினியால் பொறுக்க முடியவில்லை.

சாந்தினியும் ஷர்மினியும் ஒரே கிளினிக்கில் வேலை பார்ப்பவர்கள். மத்தியானச் சாப்பாடுகூடப் பங்கு போட்டுத்தான். பூங்காவின் மேட்டுப் பாதையில், ஒரு பெரிய மரத்தின் பொந்தில் இருவாய்ச்சி கூடு வைத்திருப்பதைக் கண்டுபிடித்ததும் இவர்கள் இருவரும்தான். இருவாய்ச்சியை மலாயில் எங்காங் என்பார்கள், இங்கே எல்லாருக்கும் தெரியும்; அதன் கூட்டைப் பார்த்தவர்கள்தான் குறைவு. பெட்டை உள்ளே புகுந்து வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். மிஞ்சிய சிறு சந்து வழியாக ஆண்தான் வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆள் கூடினால் அது கிட்டே வராது. அதனால் கூடு இருக்கும் இடத்தைச் சொல்லித் திரிவது பறவை பார்க்கிறவர்களிடையே பெரிய குற்றம். குஞ்சு வெளியே வரும்வரை மூச்சு விடுவதில்லை என்று தோழிகள் சத்தியம் செய்துகொண்டார்கள்.

அந்தச் சூடு ஆறுமுன் பிரேமளா வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து, மேட்டுப் பாதை பிரிகிற இடம் வந்தாலே சாந்தினி, "வாங்கக்கா, குளத்துப் பக்கம் போலாம், மீன்கொத்தி நெறைய இருக்கு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவாள். பெரிய கேமரா போகிற பக்கம் கூட்டமும் போகும். ஷர்மினி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக மேடேறுவாள்.

இந்த ஞாயிறும் அதே கூத்துதான். மேட்டிலிருந்து பார்த்தால் குளக்கரை தெரியும். பிரேமளா எடுத்த படத்தைப் பார்க்க, சாந்தினி அவள் தோளில் முகவாயை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் தோளில் வைக்கிற முகவாய்! அவளிடம் கேமராதானே இருக்கிறது? என்னிடம் என்ன இருக்கிறது என்று காட்டுகிறேன் பார். ஒரே ஒரு தடவை சாந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

"எல்லாரும் மேல வாங்க! இங்க எங்காங் கூடு இருக்கு!"

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் மேட்டில் ஏறியது. பிரேமளா கேமராவை நிமிர்த்தினாள், மற்றவர்கள் ஃபோனைத் தூக்கினார்கள். "கெட்டிக்காரிதான் நீங்க!" என்று யாரோ சொன்னார்கள். ஷர்மினிக்கு அது காதில் விழவில்லை. கடைசியாக ஏறி வந்த சாந்தினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் வெளுத்துப் போயிருந்தது.

சற்று நேரத்தில் அலகில் அத்திப்பழத்தோடு ஆண் வந்தது. கூட்டத்தைக் கண்டு தூரத்துக் கிளையில் தயங்கியது. இரண்டு முறை பொந்துப் பக்கம் வரப் பார்த்துத் திரும்பியது. கடைசியில் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் பறந்தே போய்விட்டது. சந்தில் நீண்டிருந்த பெட்டையின் அலகு, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனது.

முதலில் கேமராவை இறக்கியது பிரேமளாதான். "எல்லாரும் கீழ போயிடலாம், பாவம்," என்றாள். அதற்குள் யாரோ படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாயிற்று.

எல்லாரும் இறங்கிய பின் சாந்தினி கேட்டாள். "ஏன்டி இப்படிப் பண்ண?"

"நீதான் என்னைய விட்டுட்டு அவங்க பின்னாலயே சுத்துற."

"அலமாக்! வாரா வாரம் எதுக்குடி அவங்கள குளத்துக்கு இழுத்துட்டுப் போனேன்? அந்தக் கேமரா இங்க ஏறினா கூட்டமே ஏறும்லா. மீன்கொத்தியப் பார்த்துப் பார்த்து எனக்கே சலிச்சுப் போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டயுமா சொல்லணும்? உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

காலையில் ஷர்மினியின் மைவி காரில் வந்த சாந்தினி, கார் நிறுத்துமிடத்தில் பிரேமளாவிடம் போய் ஏதோ கேட்டாள். பிரேமளா முன்கதவைத் திறந்துவிட்டாள். இந்த முறை சாந்தினி அவளோடு போனது எந்தக் கூட்டையும் காப்பாற்ற அல்ல.