குக்கர் விழுந்த சத்தம்

குக்கரை லிஸ்ட்ல போடாதீங்க என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, சாமானோடதாம்மா படகைக் கொடுக்கிறது, நங்கூரம் ரெண்டு, பாய் நாலு, அடுப்பு ஒண்ணு, குக்கர் ஒண்ணு என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதிக்கொண்டே போக, நெளிஞ்ச குக்கரை யாருங்க கேட்டா என்று நான் குறுக்கே விழ, நெளிஞ்சாலும் விசில் அடிக்குதுல்ல என்று அவர் என் குறுக்கே விழ, அது எங்க அக்கா கொடுத்தது என்று நான், ஈப்போ கடையில நான்தானே வாங்கினேன், அக்கா எங்கலா வந்தாங்க என்று அவர், எங்கள் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க, எங்களுக்குக் கீழே, தண்ணீரிலிருந்து தூக்கி இரும்பு முட்டுக் கொடுத்துக் கரையில் நிறுத்தியிருக்கும் எங்கள் பாய்மரப் படகின் வயிற்றில், டொக், டொக், டொக் என்று சர்வேயரின் சின்னச் சுத்தியல் தட்டிக்கொண்டு போகிறது, குக்கரை நான் மடியில் இறுக்கி வைத்திருக்கிறேன், நெளிவு என் வயிற்றுப் பக்கம், யார் கண்ணிலும் படாமல்.

ஒவ்வொரு சாணாகத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாராம் சர்வேயர் சவரிநாதன், நல்ல இடம் ஒரு குரலில் பேசுமாம், கெட்ட இடம் வேறு குரலில் பேசுமாம், அதைக் கேட்டு அவர் எழுதித் தரும் தாளைப் பார்த்துத்தான் பினாங்கிலிருந்து வந்திருக்கும் பல் டாக்டர் யோகேஸ்வரி படகை வாங்குவாள். விற்பனைக்கு, முப்பத்தாறு அடிப் பாய்மரப் படகு, இருபத்திரண்டு வருடம் ஒரே கையில், நன்றாகப் பராமரிக்கப்பட்டது, என்று என் வீட்டுக்காரர் எழுதி லூமுட் படகுத்துறைப் பலகையில் ஒட்டிய அன்று, கடைசி இரண்டு வார்த்தைகளை நான் நின்று நின்று படித்தேன், பராமரிக்கப்பட்டது, உண்மைதான், வருடம் தவறாமல் வார்னிஷ் அடித்தேன், கிழிந்த பாயைத் தையல் மிஷினில் வைத்துத் தைத்தேன், பித்தளை எல்லாம் முகம் தெரியத் தேய்த்தேன், பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையை விட்டு வந்தவளுக்கு இந்தப் படகுதான் வகுப்பறை, ஆனாலும் எந்த இடத்தை எதற்காகப் பராமரித்தேன் என்று எனக்கல்லவா தெரியும். இவருக்கு வலது கண் போய்விட்டது, இனி கடலுக்குப் போகாதீங்க என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார், விற்காமல் முடியாது. யோகேஸ்வரி புருஷனையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அந்தமான் வரை போகப்போகிறாளாம், போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தை முன்னறைப் படுக்கையில் பொம்மையைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு இதான் என் ரூம் என்றது, அந்தப் படுக்கைக்கு அடியில், பலகைக்கும் அடியில், வலது பக்கத்தில்தான் அது இருக்கிறது.

வாங்கிய புதிதில் இதன் பெயரைக் கேட்டு மீன்பிடித் துறையே சிரித்தது, எங்களுக்கு விற்ற நியூசிலாந்துக்காரர் தன் மனைவி பெயரை வைத்திருந்தார், மேகி, படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்று இவர் விட்டுவிட்டார், என்ன டீச்சர், மேகியா, ரெண்டே நிமிஷத்துல ரெடியா, ரெண்டே நிமிஷத்துல முழுகிடுமா என்று கேட்டார்கள், இவர் பங்கோர் தீவுக்குப் போகும் பெர்ரியில் எஞ்சின் பார்த்தவர், கோபமே வராது, அன்றைக்குச் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாய்க்கயிற்றை இறுக்கும் உருளையைக் காட்டினார், இதுதான் வின்ச், இதுக்குக் கைப்பிடி தனி, கைப்பிடி நுனியில பாரு எட்டு முனை நட்சத்திரம், அது இந்தக் குழியில உக்காரணும், உக்காந்துச்சா, இப்ப சுத்து, சுற்றினேன், தலைக்கு மேல் பாய் விறைத்துக்கொண்டது, நானா இழுத்தேன் என்று கேட்டேன், நீதாம்மா என்றார்.

டொக், டொக், சுத்தியல் பின்பக்கம் முடிந்து நடுவயிற்றுக்கு வருகிறது, அன்று கடல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது, ஒன்பது வருடத்துக்கு முன், லங்காவியிலிருந்து திரும்பி வருகிறோம், விடிகாலைக் காவல் எப்போதும் என்னுடையது, ஐந்திலிருந்து எட்டு வரை, இவர் கீழே தூங்குகிறார், சுக்கானைப் பிடித்தபடி கிழக்கே பார்க்கிறேன், வெளுக்கிறது, வெளுத்துக்கொண்டே வந்து அது என் வகுப்புச் சுவராகிறது, நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறேன், உள்ளேன் டீச்சர், அடுத்த பெயர், உள்ளேன் டீச்சர், அடுத்த பெயரைக் கூப்பிடுகிறேன், தொம் என்று பதில் வருகிறது. பனைமரத் தடிமனுக்கு ஒரு மரம், வேரும் பாசியுமாக, படகின் முகப்பில் மோதி உருண்டு பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது, என் கை சுக்கானில் இருக்கிறது, கண் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருக்கிறது. கீழேயிருந்து, என்னம்மா சத்தம் என்று கேட்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு கணம் யோசித்துத்தான் பொய் சொல்லும், நான் யோசிக்கவே இல்லை, குக்கர் விழுந்துருச்சுங்க என்றேன். பாத்து வைம்மா என்றார், மறுபடி தூங்கிவிட்டார், அல்லது தூங்கிவிட்டார் என்று நான் நினைத்தேன்.

முன்னறைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அதில் கடல் வியர்க்கிறது, தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசையை அள்ளி அப்பினேன், பிறகு பங்கோரில் நங்கூரம் போட்டு இவர் ஐஸ் வாங்கச் சின்னப் படகில் கரைக்குப் போனபோது கண்ணாடி நார்த் துணியை மூன்றடுக்கு வெட்டி ஒட்டி வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன், அதன் பிறகுதான் குக்கர் ஞாபகம் வந்தது, கீழே விழுந்ததாகச் சொன்ன குக்கர் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, ஒரு கீறல் இல்லை, கைக்கு அகப்பட்டது வின்ச் கைப்பிடி, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரே குத்து. அதோடு சரி, அந்தப் பக்கத்தை நான் அப்புறம் நேராகப் பார்த்ததில்லை, ஒன்பது வருடமும் அது சுவரைப் பார்த்தபடிதான் சோறு பொங்கியது.

அடுத்த பயணத்தில் இவர், விடிகாலைக் காவல் இனிமே என்னுது, நீ தூங்கும்மா என்றார், ஏன் என்றேன், வயசாச்சுல்ல, தானா முழிப்பு வந்துருது என்றார், எட்டு மணிக்குத் தேநீரோடு வந்து எழுப்புவார், என் அக்காவிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன், எந்த வீட்டில் ஆம்பளை இப்படிச் செய்வான் என்றாள் அக்கா. அந்த வருடம் படகைக் கரையேற்றி அடிப்பக்கம் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது, உனக்கு பெயிண்ட் வாடை ஒத்துக்காது, இழுப்பு வரும், அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா என்று இவரே பஸ் ஏற்றிவிட்டார், ஈப்போவில் நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, வெளியே தெரியுமோ, தெரியாதோ, தெரியுமோ, திரும்பி வந்தால் படகின் வயிறு முழுக்கப் புது நீலம், இவர் ஒன்றும் சொல்லவில்லை, என் நேரம் நல்ல நேரம் என்று கோயிலில் அர்ச்சனை வைத்தேன், எதற்கு அர்ச்சனை என்றார், சும்மாதான் என்றேன்.

டொக், டொக், முகப்புக்கு வந்துவிட்டது, இவர் இன்னும் லிஸ்ட் வாசிக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை, அந்தக் குழந்தை போர்த்திவிட்ட பொம்மை மட்டும் தெரிகிறது, குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் இறங்குகிறேன், என்னம்மா, குக்கரைத் தூக்கிட்டு எங்க ஓடுற என்று மேலிருந்து கேட்கிறார், டொக், டொக், டக். சுத்தியல் நின்றது. யோகேஸ்வரி நிமிர்ந்து பார்க்கிறாள். டாக்டரம்மா, அங்க அடிபட்டிருக்கு, என்று என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்கிறது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால, நான் கண்ணசந்துட்டேன், மரம் மோதிருச்சு, உள்ள நானே ஒட்டு போட்டு மறைச்சுட்டேன், இவருக்குத் தெரியாது, சாமி சத்தியமா இவருக்குத் தெரியாது, உங்க பிள்ளை படுக்கிற இடம், அதான் சொல்றேன். ஏணியில் பாதி இறங்கியிருந்த இவர் அங்கேயே நிற்கிறார்.

சவரிநாதன் நீலத்தைச் சுரண்டினார், உள்ளே ஏறிப் போய்ப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார், வந்து கையைத் துடைத்துக்கொண்டார். ஆண்ட்டி, துணியை எதுல வெட்டினீங்க, ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கு. தையல் கத்திரி என்றேன். அதான பாத்தேன், என்று சிரித்தார், பயப்படாதீங்க டாக்டர், இந்த போட்டுலயே கெட்டியான இடம் இதான், டக்குன்னு கேட்டது அதனாலதான், உள்ள ஒரு ஒட்டு, வெளிய ஒரு ஒட்டு, ரெண்டும் ஒரே வயசு, நடுவுல அந்தப் பழைய விரிசல் சும்மா கோடு மாதிரி மாட்டிக்கிட்டிருக்கு, ஆனா ஆண்ட்டி, உள்ள போட்டது உங்க கை, வெளிய இழைச்சு இழைச்சுப் போட்டிருக்கே, இது வேற கை, பழகின கை, ரெண்டு பேரும் சொல்லி வச்சா செஞ்சீங்க.

தரை நகர்கிறது, கரையில் நிற்கும் தரை, முட்டுக் கொடுத்த படகு நகரவில்லை, நான்தான் ஆடுகிறேன், பெயிண்ட் வாடை, நான்கு நாள், பஸ்ஸின் ஜன்னலில் இவர் கையசைத்தது, இழுப்பு எனக்கு எப்போது வந்தது, வந்ததே இல்லையே, எட்டு மணித் தேநீர், தானா முழிப்பு வந்துருது, நீ தூங்கும்மா, நீ தூங்கும்மா, தூங்கிவிட்டவளைத்தான் தூங்கச் சொல்லியிருக்கிறார், ஒன்பது வருடம் நான் குடித்தது அன்பா, இல்லை இவளை நம்பிக் கடலைக் கொடுக்க முடியாது என்ற தீர்ப்பா, இரண்டையும் ஒரே கோப்பையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாரா, நான் ஒளித்து வைத்த இடத்துக்கு மறுபக்கம் இவர் உட்கார்ந்து இழைத்திருக்கிறார், ஒரு விரல்கடைச் சுவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், தட்டியிருந்தால் கேட்டிருக்கும், ஏன் தட்டவில்லை, ஏங்க, ஒரு வார்த்தை, திட்டியாவது இருக்கக் கூடாதா.

இவர் ஏணியின் மிச்சப் படிகளையும் இறங்கி வருகிறார், நல்ல கண் இருக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறார், லிஸ்ட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு என் கக்கத்திலிருந்து குக்கரை உருவுகிறார், நான் விட மாட்டேன் என்கிறேன், கை விட்டுவிடுகிறது, நெளிவை வெயிலுக்குத் திருப்புகிறார், அதன் கரியைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து, குழியின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு முனையாக எண்ணுகிறார், எட்டு வரை எண்ணுகிறார், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்கிறார்.

கீழ விழுந்த குக்கர்ல எப்படிம்மா நட்சத்திரம் விழும்?