பழனிக்குப் போகாத மொட்டை

வைரவநாதனின் தலைமுடி அவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடவில்லை. முப்பது வயதில் நெற்றியோரம் கொஞ்சம், முப்பத்தைந்தில் உச்சியில் கொஞ்சம் என்று வருஷக்கணக்காக விடைபெற்றுக்கொண்டுதான் போனது. அவர்தான் கண்டுகொள்ளவில்லை. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற மனுஷர். கடைக்குள்ளேயே ஆளுயரக் கண்ணாடி நின்றது. அதில் சேலையின் கரையைப் பார்ப்பார், வாங்க வந்தவர்களின் முகம் மலர்கிறதா என்று பார்ப்பார், தன் தலையை மட்டும் பார்க்க மாட்டார். விலைபோகாத சரக்கை எவன் எடுத்துப் பார்ப்பான்?

பார்க்க வைத்தது ஹாலிஎலயில் நடந்த ஒரு கல்யாணம். நாற்பதைத் தொட்ட பிறகுதான் அவருக்கே கல்யாணம் நடந்திருந்தது. மனைவி புஷ்பம் கொஸ்லந்தையில் தேயிலைத் தோட்டத்துக் கடை வைத்திருந்தவரின் மகள்; அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அன்றைக்குப் பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பந்திக்கு இடம் தேடி எதிர்ப்பக்கம் நின்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியம்மா வைரவநாதனின் முழங்கையைத் தட்டினார்.

"அந்தப் பச்சச் சேல ஒங்க மகதானுங்களே? லட்சணமா இருக்காங்க. எங்க தம்பி மகன் பண்டாரவளைப் பக்கம் தோட்டத்துல கிளாக்கரா இருக்கான். ஜாதகம் பாப்பமா?"

தாலி சேலைக்குள் இருந்தது. பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. வைரவநாதன் வாயைத் திறந்தார். 'அவ என் பொண்டாட்டி' என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? மூன்று சொல். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அந்தப் பத்துப் பேரும் முதலில் அவளைப் பார்ப்பார்கள், பிறகு இவர் மண்டையைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

"யோசிச்சுச் சொல்றேங்க," என்றார்.

புஷ்பம் அதைக் கேட்டுக்கொண்டேதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டாள், வெற்றிலை வாங்கிக்கொண்டாள், பஸ்ஸில் ஏறினாள். பதுளை வந்து சேரும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. வைரவநாதன் அவள் மௌனத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் கண்டுபிடித்தார். முடியில்லாத புருஷன் வாய்த்ததில் அவளுக்கு மனக்குறை. பெண்களுக்குச் சேலை விற்றே காலத்தை ஓட்டியவர். அவர்கள் மனசு தனக்குத் தெரியாதா என்ன என்ற நினைப்பு.

தீபாவளிச் சரக்கு எடுக்க வருஷா வருஷம் மெட்ராசுக்குப் போவார். அந்த வருஷம் கொஞ்சம் முந்தியே கிளம்பினார். அங்கே ஒரு டாக்டர், பின்னந்தலையிலிருந்து மிளகளவு மிளகளவாகத் தோலோடு முடியைக் குடைந்தெடுத்து முன்னந்தலையில் நட்டுவிடுகிறார் என்று சரக்குக்காரர் ஒருவர் முன்பே காதில் ஓதியிருந்தார். வைரவநாதன் இரண்டு நாள் அந்த டாக்டரின் நாற்காலியில் குப்புறக் கிடந்தார். மூன்றாம் நாள் மிச்சமிருந்த முடியையும் ஒட்ட வெட்டிக்கொண்டு, தலையில் வெள்ளைத் துணியைத் தளரச் சுற்றிக்கொண்டு, கொழும்பு வந்து ராத்திரி மெயிலைப் பிடித்தார். பதுளை ஸ்டேஷனில் இறங்கும்போது நெற்றி வீங்கி, வீக்கம் கண் இமைக்கு இறங்கி, முகம் பனங்காய் மாதிரி இருந்தது. அது தானாக வடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைத் தெருவுக்கு யார் சொல்வது?

வாசலில் முதலில் கண்டது பக்கத்து வீட்டு வடிவம்மா. ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுகிற புண்ணியவதி. துணி விலகியிருந்த இடத்தில் ஒட்ட வெட்டிய தலையைக் கண்டதுதான் தாமதம், இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"தம்பி! பழனிக்கா போயிட்டு வர்றீங்க?"

வைரவநாதனுக்கு ராத்திரி பூராவும் தூக்கமில்லை. கழுத்தைச் சாய்க்க முடியாமல் கட்டை மாதிரி உட்கார்ந்தே வந்திருந்தார். யோசிக்கத் தெம்பில்லை.

"ஆமாங்க," என்றார்.

"மொகமெல்லாம் வீங்கிப் போச்சே! சந்நிதியில அழுதிருக்கீங்க. மெய்யான பக்திங்க இது!" என்று சொல்லிவிட்டு, அந்தச் சமாச்சாரத்தைத் தெருவின் அந்தக் கோடிவரை கொண்டு சேர்க்கக் கிளம்பிவிட்டாள்.

உள்ளே வந்து துணியை அவிழ்த்த பிறகுதான் புஷ்பத்துக்கு உண்மை தெரிந்தது. முன்னந்தலையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பொருக்கு. தோட்டத்து நாற்று மேடையில் வைத்த கன்றுகள் போல ஒவ்வொன்றின் நடுவிலும் முள்ளாக நாலைந்து முடி. பின்னந்தலையில் குடைந்தெடுத்த இடமெல்லாம் புண். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வலிக்குதாங்க?"

"வலியில்ல. அரிக்குது. சொறியக் கூடாதாம்."

கூடாதவை அதோடு முடியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் கூடாது. வெயில் கூடாது. குனிந்து எதையும் தூக்கக் கூடாது. பாரம் என்ற பேச்சே கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது; தானாக உதிர வேண்டும். படுத்தால் தலை உயரமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்றினாலும் நட்ட முடி முதலில் கொட்டிவிடும், அப்புறம் மூன்று நாலு மாசத்தில் புதிதாக முளைக்கும். அதைக் கேட்டபோது மட்டும் புஷ்பம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கொட்டுறதுக்குத்தானா இம்புட்டுத் தூரம் போனீங்க?"

ஆனாலும் செய்தாள். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துப் பொருக்கின் மேல் ஒற்றினாள். பின்னந்தலைக்குக் களிம்பு போட்டாள். மூன்று தலையணையை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். தூக்கத்தில் அவர் கை தலையைத் தேடிப் போகும்போதெல்லாம் பிடித்து இழுத்தாள். அந்தக் கை கடைசியில் அவள் கையிலேயே கிடந்து தூங்கும். அந்த நாட்களில் தன்னைப் போலக் கொடுத்துவைத்தவன் ஊவா மாகாணத்திலேயே இல்லை என்று வைரவநாதன் நினைத்தார். அப்போதும் அவள் முடிக்காகத்தான் இத்தனையும் செய்கிறாள் என்று நம்பினார்.

வீட்டுக்குள் அவர் நோயாளி, வெளியில் அடியார். மொட்டை என்றால் சந்தனம் பூச வேண்டாமா? வடிவம்மா கிண்ணம் நிறையக் குழைத்துக்கொண்டு வந்தாள். "பழனி நாவிதன் கத்தி பட்டுப் புண்ணாயிருச்சு, டாக்டர் ஒண்ணும் பூசக் கூடாதுன்னுட்டாரு," என்று புஷ்பம் வாசலிலேயே மறித்தாள். கடைக்கு வந்த பெண்கள் சேலையைப் புரட்டிக்கொண்டே பழனி மலையில் எத்தனை படி என்று கேட்டார்கள். வைரவநாதன் கண்ணை மூடி, "அத எண்ணினா ஏற முடியுமாங்க?" என்றார். அந்தப் பதிலில் அவர்கள் சொக்கிப்போனார்கள். கோயிலுக்கு ஒரு சாண் திரி கொடுத்தறியாத கடைக்குத் திடீரென்று தெய்வ கடாட்சம். அடுத்த கடைச் செருப்பு வியாபாரி தாஸிம் மட்டும், துணி காற்றில் விலகிய நேரமாகப் பார்த்து எட்டிப் பார்த்தார்.

"ஒங்கட பழனியில மொட்டைய இப்பிடி வரிசை வரிசையாவா அடிக்கிற?" என்று கேட்டுவிட்டு, "நான் ஒண்டும் கேக்கல்ல," என்று தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

வைரவநாதனுக்கு இந்த மரியாதை பிடித்துப்போனது. அதுதான் வினை. முதல் நாளே வாயைக் கட்டியிருந்தால் கோயில் சபைத் தலைவர் ஜெயராசா வீட்டுப்படி ஏறியிருக்க மாட்டார்.

"முதலாளி, வெள்ளிக்கிழம ஆடித் திருவிழா," என்று ஆரம்பித்தார் ஜெயராசா. இரும்புக்கடைக்காரர், அவர் பேச்சும் இரும்பு போலத்தான், வளையாது. "சபை கூடிப் பேசிட்டோம். இந்த வருஷம் மொதப் பால்குடம் நீங்கதான் எடுக்கணும். பழனியில முடியிறக்கின தல நம்ம ஊர்ல வேற எது இருக்கு?"

குடம் நிறையப் பால். சும்மாட்டுக்கு மேல் பித்தளைக் குடம். ஓயா ஆற்றங்கரையிலிருந்து கோயில் மேடுவரை வெயிலில். வைரவநாதனின் கண்முன்னே ஒவ்வொரு நாற்றும் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"எனக்கு அந்தத் தகுதி இல்லீங்க."

"இதத்தான் சொல்றது! தகுதியுள்ளவன் இப்பிடித்தான் சொல்வான்." ஜெயராசா நெகிழ்ந்துபோய், தேநீரைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்றைக்குத்தான் புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டுச் சண்டை போட்டார்கள்.

"சொல்லிப்புடுங்க," என்றாள் புஷ்பம். "மெட்ராசுல முடி நட்டேன், பாரம் தூக்க ஏலாதுன்னு சொல்லிப்புடுங்க."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"ஒனக்கென்ன, சொல்லுவ. ஒனக்காகத்தானே நான் இந்தப் பாடு பட்டேன்? அந்தக் கல்யாணத்துல அந்தக் கெழவி கேட்டப்ப ஒன் மொகம் சுண்டிப் போனத நான் பாக்கலியா?"

புஷ்பம் கையிலிருந்த பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அவுங்க கேட்டது எனக்குப் பெரிசில்லீங்க. கண்ணு தெரியாத மனுசி, கேட்டுட்டாங்க. நீங்க என்னா சொன்னீங்க? யோசிச்சுச் சொல்றேன்னீங்க. என்னையக் குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கப் போனீங்களா? ஒங்களக் கட்டிக்கிட்டப்பவும் ஒங்க தலையில முடி இல்ல. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்."

வைரவநாதன் கிண்ணத்தில் கிடந்த பஞ்சைப் பார்த்தார். தலை அரித்தது; கை தானாக மேலே போயிற்று. அத்தனை கோபத்திலும் அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவருக்கு அழுகை வந்தது. அழுதால் முகம் மறுபடி வீங்குமோ என்ற பயத்தில் அதையும் அடக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஓயாக்கரையில் மேளம், கூட்டம், ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து லொறியில் வந்திறங்கிய தோட்டத்துச் சனம். ஜெயராசா பித்தளைக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி வைரவநாதனின் தலைக்கு நேரே கொண்டுவந்தார். வைரவநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. வாயும் திறந்தது. சத்தம்தான் வரவில்லை.

"அண்ணே, கொடத்த இப்பிடிக் குடுங்க," என்றாள் புஷ்பம். "வேண்டுதல் என்னோடது. இவரு முடியிறக்கணும், நான் பால்குடம் எடுக்கணும்னு நேந்திருக்கு. மாத்தினா சாமி குத்தமாயிரும்."

என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை. வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வடிவம்மா மட்டும் தனக்குத் தெரிந்துவிட்டது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். முருகனை வைத்துப் பொய் சொன்ன கூச்சம் புஷ்பத்தின் முகத்தில் ஒரு கணம் ஓடியது. பிறகு சும்மாட்டை வைத்தாள், குடத்தை ஏற்றிக்கொண்டாள், நடந்தாள்.

வைரவநாதன் ஒரு கறுப்புக் குடையை விரித்துத் தன் தலைக்குப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தார். காப்பாற்றப்பட்ட தலையல்லவா, அதற்கு உரிய மரியாதை. ஆடிக் காற்று தலைத்துணியை இழுத்தது; ஒரு கையால் துணியைப் பிடித்தார், ஒரு கையால் குடையைப் பிடித்தார். அவளைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. கடைவீதி மேட்டில் ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. குடத்திலிருந்து தளும்பிய பால் அவள் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்க முடியாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, வெறுங்காலோடு சுடுகிற தாரில் ஏறினாள். அவளுடைய அடர்ந்த கூந்தலுக்கு மேல்தான் பாரம் முழுக்க இருந்தது.

தெருவோரத்தில் நின்ற தோட்டத்து அம்மா ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மேளம் ஓய்ந்திருந்த நேரம், ஊருக்கே கேட்டது.

"இங்க பாருடி, மக வெயில்ல வேகுது. அப்பங்காரன் தன் தலைக்குக் கொட புடிச்சிக்கிட்டு வர்றான். இவனெல்லாம் ஒரு தகப்பனா?"

வைரவநாதன் நின்றுவிட்டார். ஜெயராசா திரும்பிப் பார்த்தார். வடிவம்மா திரும்பிப் பார்த்தாள். கடை வாசலில் தாஸிம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் முதலில் புஷ்பத்தைப் பார்த்தார்கள், பிறகு அவர் தலையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாலிஎலயில் எதற்குப் பயந்தாரோ அது அச்சு அசலாக அப்படியே நடந்தது. அவர் செத்துப்போகவில்லை.

குடையை நீட்டி அவள் குடத்துக்கு மேலே பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று தலைத்துணியைக் கொண்டுபோயிற்று. வரிசை வரிசையாக நட்ட தலை ஊர் பார்க்க வெயிலில் திறந்து நின்றது.

"மக இல்லம்மா," என்றார், மேளக்காரருக்கும் கேட்கும்படி. "அவ என் பொண்டாட்டி. பழனிக்கும் நான் போகல. இது மெட்ராசுல முடி நட்ட தல."

புஷ்பம் தலையைத் திருப்ப முடியாது, குடம் இருந்தது. கண்ணை மட்டும் அவர் பக்கம் ஓட்டினாள்.

"இம்புட்டு நாளும் யோசிச்சீங்களாக்கும்?" என்றாள்.

சிரிப்பை அடக்கப் பார்த்ததில் குடம் ஆடி, பால் அவர் தோளிலும் வழிந்தது. அவர் குடையை விடவில்லை. உச்சந்தலையில் வெயில் சுள்ளென்று ஏற, இரண்டு பேரும் கோயில் மேட்டை நோக்கி நடந்தார்கள்.