பார்த்தவர் பெயர்

தார்த்து நகரத்து மக்கள் பதிவு அலுவலகத்தில் இருக்கும் ஹெல்விக்கு அன்று காலை புத்தி எங்கே போனதோ! புதிதாய்ச் சேர்கிறவர்களுக்கு அவள் முதலில் சொல்வதே இதுதான்: காரணமில்லாமல் யாருடைய பதிவையும் திறக்காதே, திறந்தால் உன் பெயர் அங்கே விழும், பதிவுக்குரியவர் வீட்டிலிருந்தே அதைப் பார்ப்பார். நாட்டில் ஒவ்வொருவர் பதிவும் ஒரு கதவு, ஒவ்வொன்றும் தன்னைத் தொட்ட கையை நினைவில் வைத்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் அவளுக்கு மலைப்புத்தான்.

தெரிந்தேதான் மகள் பிர்யேவின் பதிவைத் திறந்தாள்.

சண்டை போட்டுக்கொண்டு போன பிர்யே, தொலைபேசி எண்ணை மாற்றி, முகவரியையும் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தாள். ஹெல்வியும் லேசுப்பட்டவள் இல்லை, அவளே வரட்டும் என்று வீம்பாக இருந்தவள். அன்று காலை கருப்பு ரொட்டியில் கிலு என்ற உப்பிட்ட பொடிமீனை வைக்கும்போது மகளுக்குப் பிடிக்குமே என்று தோன்றியது. அவ்வளவுதான். அலுவலகத்துத் திரையில் மகளின் முகவரி வந்தது: ஹாப்சலு ஊர், கடலோரத் தெரு. பார்த்ததும் மூடிவிட்டாள்.

மறுநாளே பிர்யேவிடமிருந்து அலுவலகத்துக்குக் கேள்வி வந்தது: என் பதிவை ஏன் பார்த்தீர்கள்? பதில் சொல்லியே ஆகவேண்டும், சட்டம். மேலதிகாரி உர்மாஸ் நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பதிவு எண்ணைத் தப்பா அடிச்சிட்டேன்னு எழுதிடுங்க ஹெல்வி. வேலையாவது மிஞ்சும்."

எழுதத்தான் உட்கார்ந்தாள். பெற்ற தாய் தன்னைத் தவறுதலாகப் பார்த்தாள் என்றா மகள் படிக்கவேண்டும்? விரல் ஓடவில்லை. 'அலுவலக வேலை இல்லை. என் மகள், நன்றாக இருக்கிறாளா என்று பார்த்தேன். தப்பு என்னுடையது' என்று எழுதி அனுப்பினாள். உர்மாஸ் பெருமூச்சு விட்டு அவளுடைய பணி அட்டையை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கையில் தொலைபேசி அடித்தது. பிர்யேதான்.

"என் பதிவை யார் பாத்தாங்கன்னு காட்டுற பக்கத்தை வாரா வாரம் திறப்பேம்மா. பல் டாக்டர் பேர் இருக்கும், உன் பேர் இருக்காது. அந்த ஆபீஸ்லயே உக்காந்திருக்கா, ஒரு தடவைகூட என்னைப் பாக்கத் தோணலையேன்னு அழுவேன்."

ஹெல்வி நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் காவல் காத்த கதவுக்கு அந்தப் பக்கம், அவள் பெயருக்காகவே ஒருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள்!

"முகவரிதான் பாத்துட்டியே, வர வேண்டியதுதானே?" என்றாள் பிர்யே.

"அது திருடிப் பாத்தது, மறந்துட்டேன். நீயா சொன்னாத்தான் வருவேன்."

பிர்யே மூக்கை உறிஞ்சிக்கொண்டே தெருப் பெயரைச் சொன்னாள், வீட்டு எண்ணையும் சொன்னாள்.