கடைசி வரிசையில் ஓட்டை

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இது அழகில்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அதற்கேற்ற மாதிரி எனக்கு வாய்த்த சீனியரின் பட்டப்பெயர் 'அரை நிமிஷம்'. எதைக் கேட்டாலும் "அரை நிமிஷம்மா" என்பார். அது முடிவதற்குள் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும்.

ஒரு திங்கட்கிழமை தங்கை போன் செய்தாள். மழலையர் பள்ளி டீச்சர். காலையில் அவள் மடியில் இரண்டு மணி நேரம் தூங்கிய குழந்தைக்குத் தட்டம்மையாம். தங்கைக்கு அப்போது மூன்றாம் மாதம். ஒன்பது வருஷம் ஏங்கி வந்த கர்ப்பம்; தட்டம்மை தொற்றினால் கலைந்தும் போகலாம்.

சின்ன வயதில் அவளுக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று அம்மாவைக் கேட்டேன். "ரெண்டு பேரையும்தான் கூட்டிட்டுப் போனேன். ஒருத்தி போட்டுக்கிட்டா, ஒருத்தி டாக்டர் கையைக் கடிச்சிட்டு ஓடிட்டா." யார் கடித்தது என்பதுதான் அம்மாவுக்கு ஞாபகமில்லை. என் சுபாவத்துக்கு நான்தான் என்று தோன்றும். ஆனால் தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை.

அவசர ரத்தப் பரிசோதனை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதிர்ப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆன்டிபாடி ஊசி போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். மருந்தையும் வரவழைத்து வைத்துவிட்டார். போட்டாலும் முழுசாகக் காக்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். செவ்வாய்க்கிழமை அவள் ரத்தம் எங்கள் தட்டுச் சோதனைக்கு வந்தது.

வைரஸ் தனியாக ஒன்றையும் கிழிக்காது. அதற்கு ஓர் உயிரணு வேண்டும். உயிரணு தன் சொந்த வேலைக்காக வெளியே நீட்டி வைத்திருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, தன் தோலை அதன் தோலோடு கலந்து உள்ளே நுழைந்துவிடும். பிறகு அங்கே இருக்கிற சாமான்களை வைத்தே தன்னைப் போல் ஆயிரம் செய்துகொள்ளும். ஆன்டிபாடி செய்வது எளிய காரியம்: வைரஸின் கையில் போய் ஒட்டிக்கொள்ளும். பற்ற முடியாவிட்டால் நுழைய முடியாது.

சொந்தக்காரர் ரத்தத்தை நாமே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் சோதனை அரை நிமிஷத்தின் கையில். தட்டில் நாலு வரிசைக் குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் உயிரணுக்கள். மேல் வரிசைக்கு வெறும் வைரஸ். நடுவில் இரண்டு வரிசைக்கு, எதிர்ப்பு உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த எங்கள் ஊழியர்களின் சீரம், அதாவது ரத்தத்தில் பிரித்த தெளிநீர், கலந்த வைரஸ். கடைசி வரிசைக்குத் தங்கையின் சீரம் கலந்தது. அவர் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க ஊத்துங்க, நான் எழுதறேன்" என்று பேனாவைப் பிடுங்கி வரிசைகளைக் குறித்தேன்.

சனிக்கிழமை அவர் தட்டில் சாயம் ஊற்றி, கழுவி, மூடி வைத்தார். உயிரணு பிழைத்த இடம் ஊதாவாகத் தெரியும். செத்த இடத்தில் வெள்ளை ஓட்டை.

கடைசி வரிசை முழுக்க ஓட்டை.

அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கைக்குப் போன் போட்டேன். "எதிர்ப்பு இல்லடி. உடனே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போ." அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அரை நிமிஷம்மா."

"சார், விளையாடாதீங்க!"

"மேல் வரிசையைப் பாரு."

பார்த்தேன். ஓர் ஓட்டை இல்லை. பளபளவென்று ஊதா.

"அங்க இருக்கறது வெறும் வைரஸ். தடுக்க ஒரு ஆளும் கிடையாது. அப்புறம் எப்படி ஒரு உயிரணுகூடச் சாகல? வைரஸ் சாமியாராப் போயிடுச்சா?" அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நீ எதுலம்மா எழுதின?"

தட்டிலேயே எழுத வேண்டும், மூடியில் எழுதவே கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பாடம். நான் எழுதியது மூடியில்.

"கழுவிட்டு மூடியைத் திருப்பிப் போட்டுட்டேன் போல," என்று தன் குறிப்பேட்டை எடுத்தார். தட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். வெட்டு மூலைப் பக்கம் வெறும் வைரஸ் என்று அவர் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. தட்டைப் பார்த்தோம். ஓட்டை அத்தனையும் வெட்டு மூலைப் பக்கம். எதிர்ப்பக்கம், தங்கையின் வரிசை, ஒரு பொட்டுக்கூட வெளுக்கவில்லை.

மறுபடி போன் போட்டேன். அவள் காரில் ஏறியிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, என் முட்டாள்தனத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். திட்டவில்லை.

"அக்கா, அந்த ஆன்டிபாடி குழந்தைக்கும் போகுமா?"

"போகும்டி. கடைசி மாசங்கள்ல தொப்புள்கொடி வழியாப் போகும். பொறந்து கொஞ்ச மாசம் வரைக்கும் அதுதான் காப்பாத்தும்."

"இத்தனை வருஷமா இந்த உடம்பு எதுக்கும் லாயக்கில்லன்னு திட்டிட்டே இருந்தேன்க்கா," என்றாள். "அது பாட்டுக்கு இவ்வளவு நாளா எம் புள்ளைக்கு இதை எடுத்து வச்சிருக்கு."

எனக்கு அழுகைதான் வந்தது. முகத்தைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினேன்.

"அழறதுன்னா கையுறையைக் கழட்டிட்டு அழும்மா," என்றார் சீனியர்.

கழற்றிவிட்டு அழுதேன்.